முப்பத்தோராம் ஏட்டுக் குழப்பம்

நீர் நிலைக்க, நெறி நிலைக்க, நின்று சொன்ன சொல் நிலைக்க.

ஏரி நூறு கண்ட குலத்துப் பிறந்து, மருதவாய் நாட்டுக்கும் அதன் ஏழு கோட்டங்களுக்கும் குடைநிழல் அளித்து வீற்றிருக்கும் பேரரசி ஒளிவளைத் தேவியாரின் திருவாய்மொழிப்படி, பேரமைச்சர் அருவந்தை எழுதுவித்த ஓலை. குறும்பொறைக் கோட்டத்துத் தலைவரும், வடவெல்லை காப்பவரும், வேம்பனேரிக் கரையை இருமுறை வெள்ளத்தினின்று மீட்டவருமாகிய அதியரையர் காண்க. உமது கோட்டத்து நீர் கடைமடை வரை பாய்க. உமது குடிகள் பசியறியாது வாழ்க. ஆடும் மாடும் பெருகுக. உமது இல்லத்தார் நலம் பெறுக. இங்கே அரண்மனையில் யாவரும் நலம், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் பட்ட பாடுதான் இவ்வோலையின் பொருள்.

ஓலை நீண்டிருப்பது கண்டு மலைக்க வேண்டா. எழுத்தால் விதித்த தண்டத்தை எழுத்தால்தான் மீட்க வேண்டும் என்பதும், முன்னை எழுத்து எங்கே தவறியது என்று காரணம் காட்டாத மீட்போலையை எந்தக் கோட்டத் தலைவரும் ஏற்கலாகாது என்பதும் நம் நாட்டு வழக்கம் என நீவிர் அறிவீர். அந்தக் காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க, அரண்மனை ஓலைச்சாலை முழுவதும் பதினொரு நாள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் அலைந்தது. அலைந்த வழி முழுவதையும் சொன்னாலன்றி நீவிர் நம்பமாட்டீர். எமக்கே இன்னும் பாதி நம்பிக்கைதான் வந்திருக்கிறது.

நடந்தது நீவிர் அறிந்ததே எனினும், பின்னாளில் இதைப் படிப்போர் பொருட்டுச் சுருங்கச் சொல்வோம். உமது கோட்டத்து வேம்பனேரியில் மதகு காவல் செய்யும் கொற்றி என்பவள், சென்ற தைத் திங்களில், முறைநாளுக்கு ஒருநாள் முன்னரே மதகைத் தூக்கித் தண்ணீர் விட்டாள். உம் முன்னிலையில் அவள் ஒன்றையும் மறைத்தாளில்லை. கடைமடைப் பயிர் கருகுவதைக் கண்டுகொண்டே கை கட்டி நிற்க மனம் வரவில்லை என்றும், தூக்கியது தானே என்றும், அதற்கு வண்டல் சுமக்கச் சொன்னால் வயிற்றுப் பிள்ளையோடும் சுமப்பதாகவும் கூறினாள். நீவிரும் வண்டல் சுமப்பதே இதற்குத் தண்டம் என்று ஊரார் வாயால் கேட்டிருந்தீர். ஆயினும் வாய்ச்சொல்லை நம்பித் தண்டம் சொல்லக் கூடாது என்று, அரச முத்திரை பொறித்து மூன்று ஆண்டுகளுக்கு முன் நாம் அனுப்பிய நீர்முறை நூலின் படியை எடுத்துப் புரட்டினீர். முறை தவறி மதகு திறந்தார்க்குரிய தண்டத்தை முப்பத்தோராம் ஏட்டில் காண்க என்று அந்நூல் சொல்லிற்று. முப்பத்தோராம் ஏட்டை எடுத்தீர். இவர் நாடு கடத்தப்படுக, இவர் மீண்டும் இந்நாட்டில் அடுப்பு மூட்டாதொழிக என்று அதன் முதல் வரியே இருந்தது.

அந்தோ! திடுக்கிட்டு நீவிர் எமக்கு ஓலை விடுத்தீர். படி சரிதானா என்று ஒருமுறை கேட்டீர்; ஐயம் தீராமல் இருமுறை கேட்டீர்; அவள் எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, சற்றே நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மூன்றாம் முறையும் கேட்டீர். மூன்றுக்கும் மறுமொழி இங்கிருந்தே வந்தது. படி மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்தது, எழுதியபடி செய்க என்று. முதல் மறுமொழி எட்டு வரி, இரண்டாவது மூன்று வரி, மூன்றாவது ஒரே வரி. மாசி முழுநிலா நாளன்று கொற்றியைக் கரும்பாறு கடத்தி அக்கரையில் விட்டீர். அக்கரையில் பிறக்கும் பிள்ளைக்கு இக்கரையில் அடுப்புரிமை இல்லை என்பது இரு நாட்டுக்கும் இடையே பாட்டனார் காலத்து உடன்படிக்கை. இப்போது அவளுக்கு மாதம் நிறைகிறது. காரியம் எவ்வளவு அவசரம் என்பதற்கு இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டுவதில்லை.

அம்மூன்று மறுமொழிகளையும் எழுதியவர் ஓலைநாயகம் இளங்காரி நம்பி. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓலைச்சாலையைக் கட்டி ஆள்பவர். அவர் கண்பட்ட ஓலையில் ஒரு சுழி மிகாது, ஒரு சுழி குறையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேலை தெரிந்தவனுக்குத்தானே கர்வம் வரும் என்று நாமும் விட்டுவிட்டோம். கொற்றியைக் கடத்திய பின்னும் மனம் ஆறாமல், நீவிர் நான்காம் ஓலையோடு அந்தப் படியையே கட்டி அனுப்பினீர் அல்லவா? அது மாசி பதினெட்டாம் நாள் வந்து சேர்ந்தது. கட்டைக் கண்டதும் நம்பிக்கு முதலில் வந்தது கோபம். மும்முறை சொல்லியும் நம்பாத கோட்டத் தலைவரும் உண்டோ என்று எம்மிடமே வந்து குறைப்பட்டுக்கொண்டார். படியும் மூலமும் கைவசம் இருக்க, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்றோம். அந்த ஒரு சொல்லில்தான் அவருக்குச் சனி பிடித்தது.

ஓலைச்சாலையில் ஒப்பு நோக்கும் முறை நீவிர் அறியாதது, சொல்கிறோம். இருவர் எதிரெதிரே அமர்வர். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார்; மற்றவர் படியைக் கண்ணால் தொடர்வார். ஓரெழுத்து மாறினால் கையைத் தட்டுவார். இரண்டரை நாள் படித்தார்கள். ஒரு கைத்தட்டு இல்லை. மேலும் இரண்டரை நாள் ஆட்களை மாற்றி, படியை உரக்கப் படிக்க மூலத்தைத் தொடரச் செய்தார் நம்பி. அப்போதும் இல்லை. உமக்கு நான்காம் மறுமொழியாகப் பிழையில்லை என்று எழுத எழுத்தாணியைக் கையில் எடுத்தேவிட்டார். எடுத்தவர், மூலத்தின் முப்பத்தோராம் ஏட்டை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவோம் என்று எண்ணிப் பிரித்தார். முறை தவறி மதகு திறந்தார் ஏரியின் உள்வாயினின்று நாற்பது கூடை வண்டல் சுமந்து கரையில் இடுக என்று அதில் இருந்தது. படியின் முப்பத்தோராம் ஏட்டைப் பிரித்தார். நாடு கடத்துக என்று இருந்தது.

பேயறைந்தவர் போல் ஆனார் மனிதர். எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருக்கும் இரண்டு நூல்கள். ஒரே ஏட்டைத் திறந்தால் ஒன்று வண்டல் சுமக்கச் சொல்கிறது, மற்றொன்று நாட்டை விட்டு ஓடச் சொல்கிறது. இரண்டு கட்டுகளையும் மடியில் போட்டுக்கொண்டு, மூலத்தைத் திறப்பார், மூடுவார். படியைத் திறப்பார், மூடுவார். திறந்து மூடுவதற்குள் எழுத்து மாறிவிடுமோ என்று திடீரென்று திறந்து பார்த்தாராம். இதை அவரே எம்மிடம் சொன்னார். சொல்லும்போது எமக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அப்படியானால் கொற்றியை உடனே திரும்ப அழைத்துவிடலாமே என்று நீவிர் கேட்பீர். நாமும் கேட்டோம். இரண்டும் அரச முத்திரை பொறித்தவை, இரண்டும் ஒப்பு நோக்கித் தேறியவை. எது பொய் என்றும், ஏன் பொய் என்றும் தெரியாமல் மீட்போலை எழுதினால் அது செல்லாது என்று நம்பி வழக்கத்தைச் சுட்டிக் காட்டினார். அவர் வாயால் வந்த நியாயம் அவர் கழுத்தையே இறுக்கியது. காரணம் தெரிந்தாக வேண்டும். தெரியும் வரை அவள் அக்கரையில் கிடந்தாக வேண்டும்.

காரணம் தெரியாதபோது மனிதன் ஆளைத் தேடுவான். அந்தப் படியை எழுதியவர் பெருஞ்சாத்தன் என்னும் எழுத்தர். இரண்டு ஏடும் வேறுபடக் கண்டதற்கு மறுநாளே, கையூட்டு வாங்கிக்கொண்டு சட்டத்தை மாற்றினார் என்று அவரைப் பிடித்து ஏட்டறையில் அடைத்தார் நம்பி. பெருஞ்சாத்தன் லேசுப்பட்டவர் அல்லர். இருபதாண்டு தம்மை உள்ளதை உள்ளபடி எழுதவே பழக்கினார்கள் என்றும், படி எழுதத் தொடங்கும்போது ஓரெழுத்தும் மாற்றேன் என்று எழுத்தாணி தொட்டுச் செய்த ஆணையை இன்றளவும் மீறியதில்லை என்றும், உள்ளபடி எழுதியதற்குச் சிறை என்றால் இனிப் பொய் எழுதக் கற்றுக்கொள்வதாகவும் கதவுக்குள்ளிருந்தே உரைத்தார். ஐந்து நாள் ஒப்பு நோக்கி ஒரு பிழையும் காணாத பின் அவரை எப்படிக் குற்றம் சொல்வது? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

பிறகு உம்மையும் சந்தேகித்தார், மறைப்பானேன். உமது கோட்டத்தில் யாரேனும் ஏட்டை மாற்றிச் செருகியிருப்பர் என்று கட்டின் முடிச்சையும் அரக்கையும் ஒரு பகல் முழுதும் ஆராய்ந்தார். எல்லாம் இட்டது இட்டபடி இருந்தன. கோயில் பூசாரி ஒருவர் வந்து, ஏட்டில் வாக்குமாறிப் பேய் ஒன்று குடியேறியிருப்பதாகவும், கருஞ்சேவல் ஒன்று பலியிட்டால் இறங்கிவிடும் என்றும் சொன்னார். சேவலும் வந்தது. வேறு வழியில்லாமல் நம்பி சரியென்றும் சொல்லிவிட்டார். சேவலின் நல்ல காலம், நாம் அந்தப் பக்கம் போனோம்.

இனி நடந்ததைக் கேளும். கண்ணெதிரே எழுதவைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, பெருஞ்சாத்தனை ஏட்டறையினின்று வெளியே கொணர்ந்து ஒரு புதுப் படியும், வேறோர் எழுத்தரைக் கொண்டு இன்னொரு படியும், முப்பத்தோராம் ஏடு வரையில் எழுதச் சொன்னார். இருவரும் மூன்று நாள் எழுதினர். நம்பி இமை கொட்டாமல் நடுவில் அமர்ந்திருந்தார். எழுதி முடித்ததும் பெருஞ்சாத்தனின் புதுப் படியில் முப்பத்தோராம் ஏட்டைத் திறந்தார். வண்டலும் இல்லை, நாடு கடத்தலும் இல்லை. ஏரிக்கரை அம்மனுக்குப் பொங்கலிடும் முறை இருந்தது. மதகை முறை தவறித் திறந்தால் பொங்கல் வைத்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் போலும்! மற்றவர் படியில், ஊர்களின் தண்ணீர் முறைப் பட்டியல் நடுவிலே அறுந்து, ஊர்ப்பெயர்கள் ஓர் ஏட்டிலும் அவற்றுக்குரிய நாள்கள் முப்பத்தோராம் ஏட்டிலுமாக, எந்த ஊருக்கு எந்த நாள் என்று தெரியாமல் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தது. ஒரே நூல், நான்கு கட்டு, நான்கு தண்டம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். நம்பி எழுந்து வெளியே போய், ஓலைச்சாலை முற்றத்தில் வெயிலில் நின்றாராம். எதற்காக நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை.

முற்றத்தில் அழிசி என்பவள் ஓலை வாரிக்கொண்டிருந்தாள். பச்சையோலையைப் பதப்படுத்தி, ஓரம் நறுக்கி, கயிற்றுக்குத் துளையிட்டு அடுக்கித் தருவது அவள் பணி; எழுதப் படிக்கத் தெரியாதவள். நம்பி பித்தர் போல் நிற்பதைக் கண்டு, இன்னும் எத்தனை படிக்கு ஓலை வேண்டும், மூலத்துக்குப் போட்ட சீதாளப்பனை ஓலையா, படிகளுக்குப் போடும் நாட்டுப்பனை ஓலையா என்று வினவினாள். நம்பி ஏதோ நினைவில், எந்த ஓலையானால் என்ன, எழுத்து ஒன்றுதானே என்றார். அழிசிக்குப் பொறுக்கவில்லை. சீதாளப்பனை ஒன்றரை முழம், நாட்டுப்பனை ஒரு முழமும் இல்லை. அதில் ஐம்பத்தாறு ஏட்டில் அடங்கியது இதில் தொண்ணூற்றைந்து ஏட்டுக்கு ஓடும். ஏடு நறுக்கித் தருகிறவளுக்கு இது தெரியும்போது எழுதுகிறவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டுவிட்டு, மீண்டும் குனிந்து ஓலை வாரத் தொடங்கினாள்.

நம்பி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது புரிகிறதா, அதியரையரே? எங்களுக்குப் புரிய இன்னும் ஒரு நாழிகை ஆயிற்று. நீளமான ஏட்டில் முப்பத்தொன்றாவதாக வரும் விதி, குறுகிய ஏட்டில் ஐம்பத்துமூன்றாவதாகப் போய் விழுகிறது. குறுகிய ஏட்டின் முப்பத்தொன்றாவதில், மூலத்தில் பதினெட்டாம் ஏட்டில் உள்ள வேறெதுவோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓலையின் நீளமும் எழுத்தின் பருமையும் படிக்குப் படி சற்றே மாறுவதால், அங்கே வந்து உட்காருவதும் படிக்குப் படி மாறுகிறது. ஆனால் முப்பத்தோராம் ஏட்டில் காண்க என்ற சொல் மட்டும் மாறாமல் படியிலும் நிற்கிறது. ஏனென்றால் ஓரெழுத்தும் மாற்றேன் என்று எழுத்தர் ஆணையிட்டிருக்கிறார்! ஆணை தவறியிருந்தால் கொற்றி வீட்டில் இருந்திருப்பாள். ஒப்பு நோக்கியவர்கள் ஏன் காணவில்லை என்றால், ஏட்டெண் இடப்புற ஓரத்தில் இருப்பது. உரக்கப் படிக்கும்போது அதை யாரும் படிப்பதில்லை. அன்று தொட்டு இன்று வரை அதுதான் பழக்கம். காதுக்கு வராத பிழையை எங்கள் சாலையில் ஒருவரும் பிழை என்று அறிந்ததில்லை.

உமக்கு இன்னோர் ஐயம் எழும். முப்பத்தோராம் ஏட்டைப் படித்தபோதே, இது மதகுத் தண்டம் அன்று, வேறு குற்றத்துக்குரியது என்று ஏன் உம் கண்ணில் படவில்லை? உம்மேல் குற்றமில்லை. மூல நூலில் ஒவ்வொரு விதிக்கும் முன்னே ஒரு தலைக்குறியும் பின்னே ஒரு வாற்குறியும் இட்டிருக்கும். எது தலைப்பு, எது விதி, எது தண்டம், எது பட்டியல் என்று அக்குறிகள் எழுத்தருக்குச் சொல்லும். அவர் அதன்படி தலைப்பைப் பெரிதாகவும் தண்டத்தைத் தனி வரியாகவும் எழுதிக் குறிகளை விட்டுவிடுவார். ஆனால் தலைப்பையும் அதன் தண்டத்தையும் பிரிக்காதே என்று சொல்ல ஒரு குறியும் இல்லை. ஆகவே, பகைவர்க்காக ஏரிக்கரையை உடைத்தார் என்ற தலைப்பு முப்பதாம் ஏட்டின் கடைசி வரியில் நின்றுவிட்டது. நாடு கடத்துக என்ற தண்டம் மட்டும் முப்பத்தோராம் ஏட்டின் தலையில் ஏறிக்கொண்டது. எதிரிக்குக் கரையை உடைத்துக் கொடுத்த துரோகிக்கு வைத்த தண்டத்தை, வாடிய பயிருக்குத் தண்ணீர் விட்டவள் தலையில் கட்டினோம். கட்டியது நீவிர் அல்லீர். எய்தவர் நாங்கள் இருக்க, அம்பை நோவானேன்?

மூன்று ஆண்டுகளாக ஏழு கோட்டங்களிலும் இதே கேடு இருந்திருக்கிறது. நூலுக்குள் காண்க என்று சுட்டும் இடங்கள் நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டும் தவறு. அப்படியும் இதுவரை ஒரு தீங்கும் நிகழவில்லையே என்று வியந்து விசாரித்தோம். மற்ற ஆறு கோட்டத் தலைவர்களும் நூலைப் பட்டில் சுற்றிப் பூசை செய்து வைத்துவிட்டு, ஊரார் சொன்ன வழக்கப்படியே தண்டம் சொல்லி வந்திருக்கிறார்கள். திறந்து படித்தவர் நீவிர் ஒருவரே.

காரணம் தெரிந்த அன்றே இவ்வோலை புறப்பட்டிருக்க வேண்டும். ஒருநாள் தாமதித்ததற்கும் நம்பியே பொறுப்பு. திருத்திய படியோடு சேர்த்தே மீட்போலையை அனுப்புவேன் என்று பிடிவாதம் பிடித்தார். முப்பத்தோராம் என்பதை அழித்து ஐம்பத்துமூன்றாம் என்று எழுதினால் தீர்ந்தது என்று எண்ணினார். எண்ணை எழுத்தாலேயே எழுதுவது நம் மரபல்லவா? ஐம்பத்துமூன்றாம் என்பது முப்பத்தோராம் என்பதைவிட நீளம். இப்படி நாற்பத்திரண்டு இடத்திலும் சொல் நீண்டதும், வரி வழிந்தது. வரி வழிந்ததும் ஏடு வழிந்தது. ஐம்பத்துமூன்றில் இருக்க வேண்டிய விதி ஐம்பத்துநான்குக்கு நகர்ந்துகொண்டது. அதைத் திருத்தினார், வேறொன்று நகர்ந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போதெல்லாம் தாழி உடைந்தது. ஏடுகளை முன்னும் பின்னும் பரப்பிக்கொண்டு, தம்மைக் கண்டால் விதிகள் இடம்விட்டு இடம் ஓடுகின்றன என்று எம்மிடம் புலம்பினார். எமக்கு அப்போதுதான் உண்மையிலேயே சினம் மூண்டது. அங்கே ஒருத்தி எந்த நேரம் நோவு வருமோ என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, இங்கே நீர் எழுத்தை எண்ணிக்கொண்டிருக்கிறீரா, முதலில் பெண், பிறகு நூல் என்று உரக்கவே சொல்லிவிட்டோம். சாலையில் எழுத்தாணிகள் எல்லாம் நின்றுவிட்டன.

அப்போது பேசியவர் பெருஞ்சாத்தன். பழி நீங்கி விடுதலையாகி ஒருநாள்கூட ஆகவில்லை. விதிகளுக்கு மூலத்திலேயே ஆளுக்கொரு பெயர் இட்டுவிட வேண்டும் என்றும், மதகுத் தண்டம் காண்க என்று பெயரைச் சொல்லிச் சுட்ட வேண்டுமேயன்றி மூலத்தில் ஏட்டெண்ணே எழுதலாகாது என்றும், படியில் மிக நீண்ட எண்ணும் அடங்கும் அளவுக்கு இடம் விட்டு முதலில் நூல் முழுவதையும் எழுதி முடித்து, எந்தப் பெயர் எந்த ஏட்டில் விழுந்தது என்று பார்த்து, இரண்டாம் முறை வந்து விட்ட இடத்தில் எண்ணை நிரப்ப வேண்டும் என்றும் விண்ணப்பித்தார். தலைப்புக்குக் கீழே மூன்று வரிக்கு இடமில்லையானால் அந்த ஏட்டை வெறுமையாக விட்டுத் தலைப்பையே அடுத்த ஏட்டுக்குக் கொண்டுபோகலாம், ஓலை வீணாகிறது என்று அழிசி ஏசினால் ஏசட்டும் என்றும் சொன்னார். இவ்வளவும் தெரிந்தவர் முன்பே ஏன் சொல்லவில்லை என்று நம்பி கேட்டார். அடைத்து வைத்தவர்கள் கதவைத் திறந்து கேட்கவில்லையே என்றார் பெருஞ்சாத்தன். நம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே ஆணை இவ்வாறு. கொற்றிக்கு விதித்த நாடுகடத்தல், மேற்கண்ட காரணத்தால், விதித்த நாளிலிருந்தே இல்லாதது. இவ்வோலை கண்ட அக்கணமே நீவிரே ஓடம் ஏறி அக்கரை சென்று, அவளை இக்கரைக்கு அழைத்துவந்து, அவள் வீட்டு அடுப்பை உம் கையால் மூட்டிக் கொடுக்க. பிள்ளை இன்னும் பிறவாதிருந்தால் நம் நாட்டின் பாக்கியம். முன்னரே அக்கரையில் பிறந்துவிட்டதானால், அவள் மிதித்து நின்ற மண், அவள் அங்கே நின்ற நாள் முழுவதும் மருதவாய் மண்ணே என்பது பேரரசியாரின் திருவாய்மொழி. அக்கரை வேந்தர் இதற்கு ஏதேனும் சொல்வாராயின் அதை அவர் எம்மிடம் சொல்லிக்கொள்ளட்டும். முறை தவறி மதகு திறந்ததற்கான நாற்பது கூடை வண்டல் நிற்கவே செய்யும், சட்டம் சட்டந்தான். ஆனால் பிள்ளை நடக்கத் தொடங்கும் வரை அவள் ஒரு கூடையையும் தொடலாகாது. கடைமடைப் பயிர் பிழைத்ததா என்று பேரரசியார் தனியே கேட்டிருக்கிறார். அதற்கும் மறுமொழி எழுதுக.

புதுப் படி வரும் வரையில் பழைய படியில் ஏட்டெண் சுட்டும் எந்த இடத்தையும் பின்பற்றாதொழிக. பெருஞ்சாத்தன் அதை எழுதிக்கொண்டிருக்கிறார். இனி ஒப்பு நோக்கும்போது ஏட்டெண்ணையும் உரக்கப் படிக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு காண்க என்ற சொல்லிலும் நிறுத்தி, சுட்டிய ஏட்டைத் திறந்து பார்த்துவிட்டே மேலே செல்ல வேண்டும் என்றும் ஓலைச்சாலைக்குக் கட்டளையிட்டாயிற்று. நூலைத் திறந்து படித்ததற்காகவும், ஐயம் வந்தபோது மும்முறை கேட்டதற்காகவும், மும்முறை அடித்துச் சொன்ன பின்னும் நான்காம் முறை கேட்டதற்காகவும் உமக்குப் பேரரசியார் தம் கைப்பட ஒரு வாழ்த்து வரைந்து, இதனுடன் தனியே கட்டி அனுப்பியிருக்கிறார்.

இறுதியாக ஒன்று. இவ்வோலையைக் கொண்டுவந்து உம் முன் நிற்பவர் தூதர் அல்லர். உடலெல்லாம் புழுதியும், குதிரை ஏறிப் பழக்கமில்லாத நடையுமாக நிற்கும் அவரே ஓலைநாயகம் இளங்காரி நம்பி. தாமே போக வேண்டும் என்று விடைகேட்டார், கொடுத்தோம். அவருக்கு இருக்கை இடாதீர், உணவும் அளிக்காதீர். முதலில் உம்மோடு ஓடத்தில் ஏற்றி அவளிடம் கொண்டுபோய் நிறுத்துக. அவள் என்ன கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், கையில் ஏடு இல்லாமல் அவர் மறுமொழி சொல்லட்டும்.

இது மாசித் திங்கள் இருபத்தொன்பதாம் நாள், மருதவாய் அரண்மனை ஓலைச்சாலையில், பேரரசியார் கேட்டிருக்க எழுதி, ஏட்டெண்ணோடு உரக்கப் படித்து, மூன்று கயல் முத்திரை ஒற்றியது. கண்டவர் கேட்க, கேட்டவர் செய்க, செய்தவர் குடி ஓங்குக.

பேரமைச்சர் அருவந்தை எழுத்து.